கூட்டாளியைத் தேடித் தரும் யந்திரம்

சங்கத்து அன்பர்கள் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் விளையாடுகிறார்கள் என்பதன்று. அதற்கு அவர்கள் பழகிவிட்டார்கள். விளையாடும்போது யாருடனோ உரக்கப் பேசுகிறார்களே, அந்த ‘யாரோ’ யார் என்பதுதான் குறை. “யாரடா அது?” என்று கேட்டால், “தெரியாது அப்பா, கேமே சேர்த்துவிட்டது” என்று பதில் வருகிறது. முன்பின் தெரியாத ஒருவனோடு அரைமணி நேரம் உயிர்த்தோழனைப்போலப் பேசுவது எவ்வாறு சாத்தியம் என்று ஓர் அன்பர் என்னைக் கேட்டார். இம்மாதம் அதையே எழுதலாமென்று தோன்றியது.

ரயிலில் ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் பிரயாணம் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றை இருவருக்குப் பாதிப் பாதியாகக் கொடுக்கிறோம். அந்த இருவர் யார் யார் என்று எந்தக் குமாஸ்தாவும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கிறது. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியுமா, ஒருவர் குறட்டை விடுவாரா என்பதிலெல்லாம் அதற்கு அக்கறையில்லை. இருந்தும், திருவனந்தபுரத்தில் ஏறிய இருவர் நாகர்கோவில் தாண்டுவதற்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பகிர்ந்துகொள்வதை நாம் பார்த்திருக்கிறோம்.

விளையாட்டினுள் இருக்கும் யந்திரமும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. நம் பிள்ளைகள் ‘பி.ஜி.எம்.ஐ.’ என்று சொல்லும் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவில், ஒரு தீவில் 100 பேர்வரை இறங்குகிறார்கள்; நால்வர் கொண்ட குழுவாகவும் ஆடலாம். இரண்டு நண்பர்களே இருந்தால் மீதி இருவரை யந்திரம் நிரப்பிவிடும். ஆட்டத்தில் தேர்ச்சி ஏறத்தாழச் சமமாக உள்ளவர்களை அது தேடிப் பிடிக்கிறது. தேர்ச்சியை எண்ணால் அளக்கும் இந்த யுக்தி பழையது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் போதித்த ஆர்ப்பாத் ஏலோ என்பவர் சதுரங்கத்துக்கு வகுத்த கணக்கை உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-இல் ஏற்றுக்கொண்டது. வலியவனை வென்றால் புள்ளி மிகுதி, எளியவனை வென்றால் சொற்பம். விஸ்வநாதன் ஆனந்த் பெயருக்குப் பக்கத்தில் பத்திரிகைகள் போடும் எண் அந்த வழியில் வந்ததே. இன்றைய விளையாட்டுக்களின் கணக்கும் பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைதான்.

ஆனால் கூட்டாளியைத் தேட எப்போதும் பொத்தான் இருந்ததில்லை. 2004-இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குகைக்குள் போகவேண்டும். முன்னே நின்று அடி வாங்க ஒருவர், காயத்தை ஆற்ற ஒருவர், தாக்குவதற்கு மூவர். ஆள் தேவையென்றால் விளையாட்டிலுள்ள நகரத்தில் நின்றுகொண்டு, “காயம் ஆற்றுபவர் ஒருவர் வேண்டும்” என்று சந்தையில் கூவுவதுபோல எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். ஆள் கிடைத்த பின் நெடுந்தொலைவு பிரயாணம் செய்து குகை வாசலுக்குப் போகவேண்டும். இந்தத் தொல்லைக்கு 2009 டிசம்பரில் முடிவு வந்தது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் யந்திரமே ஐவரைச் சேர்த்துக் குகைக்குள் கொண்டுபோய் விட்டது.

அதிலும் ஒரு வேடிக்கை. தாக்குகிறவர்கள் நெடுநேரம் காத்திருந்தார்கள். அடி வாங்க முன்வருபவருக்கோ உடனே இடம் கிடைத்தது. நாடகக் கம்பெனியில் எல்லாரும் ராஜபார்ட் வேஷமே கேட்டால் கதை எப்படி நடக்கும்? எந்த வேஷத்துக்கு ஆள் குறைவோ அதை ஏற்பவருக்குத் தனியாக வெகுமதி தருவதென்று 2011-இல் ஏற்பாடு செய்தார்கள்.

சௌகரியம் வந்தது, கூடவே வேறொன்று போயிற்று. முன்பு ஒரே சர்வரில் இருந்தவர்கள் மறுநாளும் முகத்தில் விழிக்கவேண்டியவர்கள். ஒருவன் முறைகேடாக நடந்தால் பெயர் கெட்டுவிடும். பிறகு அவனைச் சேர்த்துக்கொள்ள ஆள் இராது. யந்திரமோ வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. இனிப் பார்க்கப் போகிறோமா என்ற எண்ணத்தில், சிலர் பேசாமல் வந்து பேசாமல் போனார்கள். சிலர் வைதுவிட்டுப் போனார்கள். பழைய ரசிகர்களின் குறை கம்பெனியாரின் காதுக்கும் எட்டியிருக்கவேண்டும். 2022-இல் அந்த விளையாட்டின் பழைய கட்டம் ஒன்றை மறுபடி வெளியிட்டபோது, மனிதர் பழக்கம் முக்கியமென்று சொல்லி இந்தப் பொத்தானை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். 2023-இல் அதைத் திரும்பச் சேர்க்கவும் நேர்ந்தது! கவுண்டர் வரிசையில் உண்டான சிநேகங்களை நானும்தான் மெச்சிப் பேசுகிறேன். ஆனால் என் மைத்துனர் டிக்கெட் கேட்டால் கைபேசியில்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

பெயர் கெடும் என்ற பயம் போன இடத்தில் நற்பெயர் என்ற ஆசையை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. ‘ஓவர்வாட்ச்’ விளையாட்டில் 2018-இல், ஆட்டம் முடிந்ததும் உடன் ஆடியவர்களில் நன்றாக நடந்துகொண்டவருக்கு நற்சான்று அளிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2019-இல் வந்த ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ இன்னொரு வழி கண்டது. பேசவே வேண்டாம், பொருளையோ எதிரியையோ குறி வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், “இங்கே பகைவன்” என்ற செய்தி கூட்டாளிக்கு அவர் தேர்ந்துகொண்ட மொழியில் குரலாகக் கேட்கும். ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே குழுவில் ஆடலாம். அந்தக் குரல் மொழிகளில் தமிழ் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மொழி என்றதும் நம் விஷயம் வந்துவிடுகிறது. இந்நகரில் கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைவீதியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் உண்டு. உத்தியோக மாற்றலில் நேற்று வந்தவர்களும் உண்டு. பின்னவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் தோழர்கள் மலையாளம் பேசுகிறார்கள், பாடம் ஆங்கிலம். தமிழோ, “சாப்பிட்டாயா, படித்தாயா, தூங்கு” என்ற மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது. கோபிக்க, கேலி செய்ய, திட்டம் போட, தோற்றதற்குச் சமாதானம் சொல்ல அவனுக்குத் தமிழில் ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கிறான். யந்திரம் நிரப்பிக் கொடுத்தவர்களோடு சில மாதம் ஆடிச் சலித்தான். பிறகு விளையாட்டிலேயே உள்ள ஆள் சேர்க்கும் அறிவிப்புப் பகுதியைக் கண்டுபிடித்து, ‘தமிழ் மட்டும்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி எழுதிப் போட்டான். தூத்துக்குடியிலிருந்து ஒருவன் வந்தான். மும்பை மாதுங்காவிலிருந்து, நம்மைப்போலவே பிழைக்கப் போன குடும்பத்தின் பிள்ளை ஒருவன் வந்தான். இப்போது அவன் தூத்துக்குடிப் பேச்சாகவே பேசுகிறான். தாயாருக்கு ஆனந்தம். தகப்பனாருக்கோ, வந்த சொற்களில் நான்கைந்து வீட்டில் சொல்லத் தகாதவை என்ற வருத்தம். ஒலிவாங்கியை அடியோடு நிறுத்திவிடுவதென்று தீர்மானித்து என் அபிப்பிராயத்தைக் கேட்டார். வேண்டாம் என்றேன். வைச்சொல்லைத் திருத்தலாம், பேச்சே அற்றுப்போனால் எதைத் திருத்துவது?

ஆயினும் அவருடைய பயம் அர்த்தமற்றது என்று சொல்லமாட்டேன். அறிவிப்பைப் பார்த்து வருகிறவன் பதினான்கு வயதுச் சிறுவன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? 2021-இல் பி.ஜி.எம்.ஐ. வந்தபோது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்பும் வைத்தார்கள். அந்த விதி நேரத்தை எண்ணுகிறது. கூட்டாளி யாரென்று பார்ப்பதில்லை. அதை வீட்டார்தான் பார்க்கவேண்டும். முதல் சில நாட்கள் காதுக்கருவி இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து ஆடட்டும். குரலைக் கேட்டாலே பெரியவனா சிறுவனா என்று ஓரளவு தெரிந்துவிடும். பள்ளியின் பெயர், புகைப்படம், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் இவற்றைக் கேட்பவன் எவ்வளவு திறமைசாலியானாலும் உடனே விலக்கப்படவேண்டியவன். விலக்குவதற்கும் புகார் செய்வதற்கும் விளையாட்டிலேயே பொத்தான் இருக்கிறது. பிள்ளைக்கு அது தெரியும், நாம் காட்டச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2020 செப்டம்பரில் அரசாங்கம் பப்ஜி மொபைலைத் தடை செய்து, அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்நாட்டில் அது நின்றபோது, விளையாட்டில் மட்டுமே பழகிய எத்தனையோ பிள்ளைகள் ஒருவரையொருவர் தொலைத்தார்கள். வேறு முகவரி எதுவும் கையில் இல்லை. பி.ஜி.எம்.ஐ. வந்தது எட்டு மாதம் கழித்து. அதுவும் 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு 2023 மே மாதந்தான் திரும்பியது. முகவரி கொடுக்காதே என்று நாம் சொல்கிறோம். கொடுக்காவிட்டால் சிநேகம் ஒரு நாளில் அறுந்துபோகலாம். என் யோசனை, பிள்ளை கொடுக்கவேண்டாம், பெரியவர்கள் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்பது. தெருவில் விளையாடிய காலத்திலும் பையன் எந்த வீட்டுப் பிள்ளையோடு சுற்றுகிறான் என்பது தாயாருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மேலே சொன்ன தாயார் அப்படியே செய்தார். தம் கணவரின் எண்ணை மகன் மூலம் அனுப்பி, பெரியவர்கள் யாராவது பேசட்டும் என்று சொல்லச் சொன்னார். மூன்றாம் நாள் தூத்துக்குடியிலிருந்து அந்தப் பையனுடைய அத்தை பேசினார். அவருக்கும் இதே கவலை இருந்ததாம். திருவனந்தபுரத்தில் யாரோ ஒருவன் தம் பிள்ளைக்கு மலையாளத்தில் வைவதற்குக் கற்றுக் கொடுக்கிறான் என்று. மாதுங்கா வீட்டார் இன்னும் பேசவில்லை. நாலாவது இடத்துக்கு ஆள் அமையாததால் அதை யந்திரமே தினமும் நிரப்பி வருகிறது.