தெர்மாகோலை யார் எடுத்துப்பாங்க?

போன மாசம் எங்க ப்ராஜெக்டுக்கு ஒரு மோட்டார் ஆர்டர் பண்ணோம். மோட்டார் உள்ளங்கை அளவு, பெட்டி டிவி அளவு. மிச்சமெல்லாம் தெர்மாகோல். அதைக் கண்டமங்கலத்தில் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் சிரிச்சுட்டார். "இதுல என்னப்பா எடை நிக்கும்?"

நாலு வருஷ இன்ஜினியரிங் சொல்லித் தராததை அவர் ஒரு வரியில் சொல்லிட்டார். பேக்கிங் தெர்மாகோலில் சுமார் 98 சதவீதம் காற்றுதான். லாரி நிறைய ஏத்தினாலும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கொஞ்சம்தான், டீசல் காசுகூட தேறாது. அதனால யாரும் எடுக்கிறதில்ல. கடைசியில் குப்பை மேட்டில் எரியுது. அந்தக் கரும்புகை உங்களுக்கும் பழக்கம்தான்.

"தடை இருக்கே ப்ரோ"ன்னு கேட்பீங்க. 2019 ஜனவரி 1-ல் வந்த தமிழ்நாட்டுத் தடையில் தெர்மாகோல் கப் இருக்கு. 2022 ஜூலை 1-ல் வந்த மத்திய அரசின் தடையில் அலங்காரத் தெர்மாகோல் இருக்கு. டிவி பெட்டிக்குள்ள வர்றது அந்தப் பட்டியலில் இல்ல.

மாற்று என்ன? பாண்டி ரோட்டில் இளநீர்க் கடைகளைப் பாருங்க, மட்டை மலையா கிடக்கு. தேங்காய் நாரை முறுக்கி, சுருள் விழ வெச்சு, பிரிச்சு, மேலே ரப்பர் பால் தெளிச்சு அழுத்தினா ஸ்பிரிங் மாதிரி ஒரு பலகை கிடைக்கும். புதுசு இல்ல, நம்ம வீட்டு நார் மெத்தையே அதுதான். பானை வண்டியில் வைக்கோல் பரப்பினவங்களுக்கு 'குஷனிங்'னு நாம பாடம் எடுக்க வேண்டியதில்ல.

ஆனா பசுமைன்னு சொன்னாலே கை தட்டுற ஆள் நான் இல்ல. பழைய மெத்தையை அறுத்து, நடுவுல ஆறு முட்டை வெச்சு, முதல் மாடியிலிருந்து போட்டோம். நாலு பிழைச்சது. தெர்மாகோலில் ஆறும் பிழைச்சது. நார்ப் பெட்டி எடையும் கூட, கூரியர் காசும் கூட. மழையில் ஒரு ராத்திரி வெச்சா ஈரம் குடிச்சு நாறுது. மக்கும்தான், ஆனா அடுத்த வாரமே மக்காது. நாரில் லிக்னின் அதிகம், ரப்பர் வேற சேர்ந்திருக்கு.

இதெல்லாம் நாரை ஒதுக்கக் காரணம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு இதெல்லாம் ப்ராஜெக்ட் தலைப்பாத் தெரியுது. எவ்வளவு அடர்த்தி, எந்த வடிவம், ஈரத்தை எப்படித் தடுக்கிறது? சென்னை ஐ.ஐ.டி.யில் வைக்கோல், மரத்தூள், அட்டைக் கழிவில் காளான் இழையை வளர்த்து, அதையே பசையாக்கிப் பேக்கிங் செய்யப் பார்க்கிறாங்க. அமெரிக்காவில் இதே யோசனையோட எகோவேட்டிவ் கம்பெனியை 2007-ல் ஆரம்பிச்சது, கல்லூரி முடிச்ச கையோட வந்த ரெண்டு இன்ஜினியரிங் பசங்க. டெல் கம்பெனி தன் சர்வர்களை அதில் வெச்சு அனுப்புச்சு.

நமக்கு சர்வர் வேண்டாம். பாண்டி போற வழியில் வில்லியனூர் இருக்கு. அங்க செய்யற சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஒரு பொம்மை உடையாம டெல்லி போய்ச் சேர நாரில் ஒரு பெட்டி செஞ்சு காட்டுங்க, போதும்.

எங்க தலைப்பு ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இனி மாத்த முடியாது. மூணாம் வருஷ ஜூனியர்ஸ் யாராவது எடுக்கிறதா இருந்தா சொல்லுங்க. பாதி மெத்தை இன்னும் எங்க ரூம்லதான் இருக்கு.