துவாலுவின் கொடிக்குக் களத்தில் நிலையான இடம் வேண்டும்

பசிபிக் பெருங்கடலில் ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறத்தாழ நடுவே கிடக்கும் ஒன்பது தீவுகளின் நாடு துவாலு. மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 11,000. கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த இடம் அந்த நாட்டில் எங்கும் இல்லை. 1978 அக்டோபர் 1 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற துவாலு, அடுத்த ஆண்டே ஃபிஜியின் சுவா நகரில் நடந்த தென் பசிபிக் விளையாட்டுப் போட்டிக்குத் தன் அணியை அனுப்பியது. ஐக்கிய நாடுகள் சபையில் அது உறுப்பினரானது 2000ஆம் ஆண்டில்தான். ஐ.நா.வில் இருக்கை கிடைப்பதற்கு 21 ஆண்டுகள் முன்பே, அண்டை நாடுகளுக்கு முன்னால் ‘நாங்களும் ஒரு நாடு’ என்று துவாலு மக்கள் நின்ற இடம் விளையாட்டுத் திடல்.

அந்த இடத்தை அவர்கள் எந்தக் காரணத்தாலும் இழந்துவிடக் கூடாது. கடல் உயர்ந்து நிலம் சுருங்கினாலும், மக்கள் வேறு நாடுகளில் குடியேற நேர்ந்தாலும், துவாலு அணி தன் கொடியின்கீழ் போட்டியிடும் உரிமை வட்டார விளையாட்டு அமைப்புகளின் விதிகளிலும் உலக அமைப்புகளின் விதிகளிலும் இப்போதே எழுதப்பட வேண்டும். அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, அணியின் பயணச் செலவையும் பயிற்சிச் செலவையும் வசதி படைத்த நாடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இப்போது பசிபிக் விளையாட்டுப் போட்டி எனப்படும் அந்தத் தென் பசிபிக் போட்டியின் பிறப்பே இந்தக் கோரிக்கைக்கு அடிப்படை. 1959இல் பப்புவா நியூ கினியின் ரபாவுலில் கூடிய தென் பசிபிக் ஆணையத்தின் மாநாட்டில், ஃபிஜியின் பிரதிநிதிகளுள் ஒருவரான டாக்டர் ஏ. எச். சாஹு கான் இந்த யோசனையை முன்வைத்தார். 1963இல் சுவாவில் முதல் போட்டி நடந்தது. சிதறிக் கிடக்கும் தீவு மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள ஒரு களம் வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் தனி நாடுகளோடு நியூ கலிடோனியா, டஹிடி, குவாம், நார்ஃபோக் தீவு போன்ற ஆட்சிப்பகுதிகளுக்கும் அங்கே தனித்தனி அணிகள் உண்டு. இறையாண்மை இருக்கிறதா என்று பார்க்காமல், தனக்கென ஒரு வாழ்வு கொண்ட மக்கள் கூட்டமா என்று பார்த்து வாசல் திறந்த மரபு அது.

அந்த வாசல் வழியாக வந்த துவாலுவின் பயணம் எளிதாக இருக்கவில்லை. 1979 போட்டியில் அதன் கால்பந்து அணி டஹிடியிடம் 18-0 என்ற கணக்கில் தோற்றது. 2007இல் சமோவாவின் அப்பியாவில் நடந்த போட்டி, 2010 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றாகவும் அமைந்தது. ஃபிஃபாவில் உறுப்பினராக இல்லாத துவாலு அதில் ஆடியது. முதல் ஆட்டத்தில் ஃபிஜியிடம் 16-0 என்று தோற்ற அதே அணி, சில நாட்களில் டஹிடியுடன் 1-1 எனச் சமன் செய்தது. பதினெட்டு கோல் இடைவெளியை 28 ஆண்டுகளில் அடைத்த அந்த ஆட்டம், எந்தப் பெரிய நாட்டின் வெற்றிக்கும் குறைந்த சாதனையல்ல.

பதக்கங்களும் மெல்ல வந்தன. 2013இல் வாலிஸ் ஃபுதுனா தீவுகளில் நடந்த பசிபிக் சிறு விளையாட்டுப் போட்டியில், பளுதூக்குதல் 62 கிலோ எடைப்பிரிவின் ஸ்னாட்ச் முறையில் துவாவு லாப்புவா லாப்புவா தங்கம் வென்றார். சர்வதேசப் போட்டி ஒன்றில் துவாலு பெற்ற முதல் தங்கம் அது. 2015இல் போர்ட் மோர்ஸ்பியில் நடந்த பசிபிக் விளையாட்டுப் போட்டியில் 120 கிலோ பவர்லிஃப்டிங் பிரிவில் டெலுப்பே யோசெஃபா தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஒரு தங்கத்துக்காக 36 ஆண்டுகள் காத்திருந்த நாடு துவாலு.

பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியவே தெரியாது. அந்தப் பட்டியலில் வழக்கமாக முதலிடம் பிடிப்பது நியூ கலிடோனியா. 2023இல் ஹோனியாராவிலும் அதுவே முதலிடம். துவாலுவைப் போல் இருபது மடங்குக்கும் மேலான மக்கள், பிரான்ஸின் நிதி, நீச்சல் குளங்கள், பயிற்சி மையங்கள் ஆகியவை அதன் பின்னால் நிற்கின்றன. வென்றவர்களின் உழைப்பை இது எந்த விதத்திலும் குறைத்துவிடாது. ஆனால் இத்தனை வேறுபட்ட நிலையில் உள்ளவர்களை ஒரே பட்டியலில் அடுக்கி, கடைசி வரிசையில் இருப்பவர்களை ‘பங்கேற்க வந்தவர்கள்’ என்று ஒதுக்குவது அளவுகோலின் பிழை.

துவாலுவின் வீரர்கள் எந்த நிலையிலிருந்து வருகிறார்கள் என்பதைப் பார்த்தால் இது விளங்கும். தலைநகர் ஃபுனாஃபுட்டியில் உள்ள ஒரே விளையாட்டுத் திடல் பவளப்பாறை மண்ணின்மேல் அமைந்தது. புல் எளிதில் பிடிக்காத கெட்டித் தரை. தடகளத்துக்குச் செயற்கை ஓடுதளம் கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் அமெரிக்கப் படையினர் அமைத்த விமான ஓடுபாதையே, விமானம் வராத மாலை வேளைகளில் கால்பந்துக்கும் கைப்பந்துக்கும் ரக்பிக்கும் ஓட்டப் பயிற்சிக்கும் இடமாகிறது. மற்ற தீவுகளில் விமானதளம் இல்லை. அங்குள்ள திறமைசாலி ஒருவர் தலைநகருக்கு வரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். தலைநகரிலிருந்து வெளியே செல்ல ஃபிஜிக்கு வாரத்தில் சில விமானங்கள் மட்டுமே. போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே ஒரு சிறிய விளையாட்டுச் சங்கத்தின் பணம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஃபிஃபா உறுப்பினர் தகுதியை துவாலு நீண்ட காலமாகக் கேட்டு வருகிறது. தரமான மைதானம் இல்லை, வெளிநாட்டு அணிகள் தங்கப் போதிய விடுதிகள் இல்லை என்பவையே பெரிய தடைகள். ஃபிஃபாவின் வளர்ச்சி நிதி உறுப்பு நாடுகளுக்குத்தான் கிடைக்கும். அந்த நிதி இல்லாமல் மைதானம் கட்ட முடியாது. மைதானம் இல்லாமல் உறுப்பினராக முடியாது. இந்த வட்டத்தைத் துவாலுவால் தனியாக உடைக்க முடியாது. உடைக்கும் பொறுப்பு விதி வகுத்தவர்களுடையது.

உதவி கிடைத்தால் பலன் வரும் என்பதற்குச் சான்று உண்டு. நெதர்லாந்தின் 21 வயதுக்கு உட்பட்டோர் அணியை இரு முறை ஐரோப்பியச் சாம்பியனாக்கிய பயிற்சியாளர் ஃபோப்பே டி ஹான், 2011இல் நூமியாவில் நடந்த பசிபிக் போட்டிக்காகத் துவாலு அணியைப் பயிற்றுவித்தார். அந்த ஆண்டு துவாலு அமெரிக்க சமோவாவை 4-0 என்று வென்றது. நவூருவின் வரலாறு இதைவிட விரிவான பாடம். 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நாடு பளுதூக்குதலில் தன் கவனத்தைக் குவித்தது. 1990இல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற மார்க்கஸ் ஸ்டீபன், மொத்தம் ஏழு காமன்வெல்த் தங்கங்களைக் குவித்தார்; பின்னர் 2007 முதல் 2011 வரை நாட்டின் அதிபராகவும் இருந்தார். கிரிபாட்டிக்கு 2014இல் கிளாஸ்கோவில் முதல் காமன்வெல்த் தங்கத்தைத் தந்த டேவிட் கட்டோவட்டாவும் பளுதூக்கும் வீரரே. 2016 ரியோ ஒலிம்பிக் மேடையில் அவர் ஆடிய நடனம், கடல் உயர்வால் தம் தீவுகளுக்கு நேரும் ஆபத்தை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. பல மாநாட்டு உரைகள் எட்டாத வீடுகளை அந்த நடனம் எட்டியது.

கடல் அரிப்பைத் தடுக்கவே பணம் போதாத நாட்டில் விளையாட்டுக்குச் செலவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிலும் தெளிவானது. தலைநகரில் கடலிலிருந்து சுமார் 7 ஹெக்டேர் நிலத்தை மீட்டெடுத்த கரையோரப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால், ஓர் அணியைப் போட்டிக்கு அனுப்பும் தொகை மிகச் சிறியது. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைச் செய்ய வேண்டிய நிலை இல்லை. மேலும், கரையைக் காப்பது அங்கே ஒரு மக்கள் சமூகமாகத் தொடர்ந்து வாழ்வதற்காகத்தான். ஒன்பது தீவுகளின் இளைஞர்கள் ஒரே சீருடையில் நிற்பது அந்தச் சமூக வாழ்வின் பகுதி. பாண்டனஸ் ஓலையால் முடைந்த இரண்டு பந்துகளை ஒரே நேரத்தில் தட்டி ஆடும் ‘தே ஆனோ’ என்ற மரபு விளையாட்டை இன்றும் காத்து வரும் மக்களுக்கு விளையாட்டு இறக்குமதிச் சரக்கும் அல்ல, ஆடம்பரமும் அல்ல.

உண்மையில் வீண்செலவு நடப்பது வேறிடத்தில். வட்டாரப் போட்டிகளை நடத்துவது சிறிய நாடுகளின் தோளுக்கு மிஞ்சிய சுமையாகி வருகிறது. 2019 போட்டியை ஏற்றிருந்த டோங்கா, செலவைக் காரணம் காட்டி 2017இல் விலகியது. சமோவா ஏற்று நடத்தியது. 2023இல் போட்டியை நடத்திய சாலமன் தீவுகள், அதையே காரணமாகச் சொல்லித் தன் பொதுத் தேர்தலை 2024க்குத் தள்ளிவைத்தது. அதன் பிரதான மைதானம் சீன உதவியில் எழுந்தது. மைதானங்கள் பெரிய நாடுகளின் செல்வாக்குப் போட்டிக்கு மேடையாகும்போது, அங்கே ஆட வர வேண்டிய சிறிய அணிகளின் பயணச் செலவைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் போகிறது. கட்டடங்களில் கொட்டும் பணத்தின் சிறு பங்கை வீரர்களிடம் திருப்பினாலே பெரும் மாற்றம் வரும்.

நிலம் பற்றிய கேள்வி இதைவிட ஆழமானது. துவாலு 2023இல் தன் அரசமைப்பைத் திருத்தி, நிலப்பரப்பை இழக்க நேர்ந்தாலும் துவாலு என்ற அரசு என்றென்றும் நீடிக்கும் என்று எழுதிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் பசிபிக் தீவுகள் மன்றத்தின் தலைவர்கள், கடல்மட்ட உயர்வால் உறுப்பு நாடுகளின் அரசுரிமை அற்றுப்போகாது என்று கூட்டாக அறிவித்தனர். ஆஸ்திரேலியாவும் துவாலுவும் கையெழுத்திட்டு 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஃபலேப்பிலி உடன்படிக்கை, துவாலுவின் இறையாண்மை தொடரும் என்பதை ஏற்கிறது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறவும் வழி செய்கிறது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்து, ஒரு முறை நிலைபெற்ற அரசு அதன் கூறுகளில் ஒன்றை இழப்பதாலேயே அரசு என்ற தகுதியை இழந்துவிட வேண்டியதில்லை என்றது.

சட்ட உலகம் இவ்வளவு தூரம் நடந்துவிட்டது. விளையாட்டு உலகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒலிம்பிக் சாசனத்தின் 30ஆம் விதி, ‘நாடு’ என்பது உலகச் சமுதாயம் ஏற்ற சுதந்திர அரசு என்கிறது. நிலமிழந்த அரசு பற்றி அதில் பேச்சில்லை. இன்று துவாலுவுக்கு ஆபத்து ஏதும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சிக்கல் எழுந்த பிறகு விளக்கம் தேடினால், முடிவு அன்றைய நிர்வாகிகளின் மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடும். 2016 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் அகதிகள் அணியைப் போல் ஓர் ஏற்பாடு போதும் என்று சிலர் கருதலாம். அது நாட்டை விட்டு ஓட நேர்ந்தவர்களுக்கான மனிதநேய ஏற்பாடு, போற்றத்தக்கது. துவாலு மக்களோ நாடற்றவர்கள் அல்லர். அவர்களுக்குக் கொடி உண்டு, அரசு உண்டு, அரசமைப்பு உண்டு. அவர்களை இன்னொரு கொடியின்கீழ் நிறுத்துவது, கடல் எடுத்துச் செல்லாததை விதிப் புத்தகம் எடுத்துச் செல்வதாகும்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பசிபிக் விளையாட்டுப் பேரவை தன் சாசனத்தில், உறுப்பு அணி ஒன்றின் நிலம் சுருங்கினாலும் மறைந்தாலும் அதன் உறுப்புரிமை மாறாது என்று சேர்க்க வேண்டும். வெளிநாடுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் அந்தக் கொடிக்காக ஆடத் தடையில்லாத தகுதி விதிகளும் உடன் வேண்டும். ஆட்சிப்பகுதிகளுக்கும் இடம் தந்த பேரவைக்கு இது கடினமான வேலையல்ல. அது முன்னே நடந்தால் ஒலிம்பிக் குழுவும் ஃபிஃபாவும் பின்தொடர வழி பிறக்கும். இரண்டாவது, மக்கள்தொகை குறைந்த உறுப்பினர்களின் பயணத்துக்கும் பயிற்சிக்கும் நிலையான பொது நிதி உருவாக வேண்டும். 2015 முதல் இந்தப் போட்டிகளில் சில பிரிவுகளில் பங்கேற்கும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதன் பெரும்பகுதியை ஏற்பது முறை. மூன்றாவது, போட்டியை நடத்தும் நாட்டின் வசதிக்கேற்பப் போட்டியின் அளவு குறைக்கப்பட வேண்டும். புதிய மைதானம் கட்டுவது நிபந்தனையாக இருக்கக் கூடாது.

இதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கவிருக்கிறது. துவாலு 1998 முதல் காமன்வெல்த் போட்டிகளுக்கு அணி அனுப்பி வரும் நாடு. இந்தியாவின் கடலோர அண்டை நாடான மாலத்தீவும் இதே ஆபத்தை எதிர்நோக்குகிறது. 2019இல் காத்மாண்டு தெற்காசியப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஹசன் சயீத் தங்கம் வென்று அந்த நாட்டைப் பெருமைப்படுத்தினார். போட்டியை நடத்தும் நாடு என்ற நிலையில் இந்தியா, காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் விதிகளில் இந்த உறுதிமொழியைச் சேர்க்கும் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும். சிறிய தீவு நாடுகளின் வீரர்கள் போட்டிக்குச் சில மாதங்கள் முன்பே இங்கு வந்து பயிற்சி பெற ஏற்பாடு செய்ய வேண்டும். அகமதாபாத் தொடக்க விழாவில் துவாலுவின் அணி நடந்து வரும்போது, அந்தக் கொடிக்கு இனி எந்தக் காலத்திலும் இடம் உண்டு என்ற விதி அதற்கு முன்பே நிறைவேறியிருக்க வேண்டும்.