யாருடைய பேச்சைப் பொதுவில் வைக்கிறீர்கள்?

"குழுவில் பேசுவதை எல்லாம் அப்படியே இணையத்தில் போட்டுவிடலாம். நமக்கு மறைக்க என்ன இருக்கிறது?" நாங்கள் இருக்கும் ஒரு தன்னார்வலர் குழுவில் இந்த யோசனை வந்ததும் கைதட்டியவர்கள் நகரத்து நண்பர்கள். கண்டமங்கலம் பக்கத்துக் காலனிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது தோழர்களே. அவர்கள் ஊர்த்தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். அம்மா களை எடுப்பது ஊர்க்காரர் நிலத்தில். "எங்கள் பள்ளியில் இப்படி நடக்கிறது, யாரிடம் புகார் கொடுப்பது?" என்று குழுவில் கேட்ட ஒரு வரி போதும், கேட்டது யார் வீட்டுப் பிள்ளை என்று ஊர் கண்டுபிடித்துவிடும்.

"எப்படியும் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள்" என்கிறார்கள். எடுத்தால் அது ஒருவர் செய்த துரோகம். நாமே பொதுவில் வைத்தால், கூகுளில் பெயரைத் தட்டுகிற எவருக்கும் பல வருடம் கழித்தும் அது கிடைக்கும்.

கட்டற்ற மென்பொருள் உலகத்தை உதாரணம் காட்டுகிறார்கள். உபுண்டு தன் ஐ.ஆர்.சி. அரட்டைகளைப் பொதுவில் சேமிப்பது உண்மைதான். அங்கே பெரும்பாலும் மென்பொருள் கோளாறு பற்றிய பேச்சு. ஆனால் கட்டுரையின் ஒவ்வொரு திருத்தத்தையும் உலகுக்குக் காட்டும் விக்கிமீடியா சமூகம், தன் பெரும்பாலான ஐ.ஆர்.சி. அறைகளில் பொதுப் பதிவுக்குத் தடை போட்டது. செய்த வேலையும் பேசிய பேச்சும் ஒன்றில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் பதிவே வேண்டாமா? வேண்டும். டீக்கடையில் முடிவெடுத்துவிட்டு கிராம சபையில் கையெழுத்து மட்டும் வாங்குகிற ஊர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த கொடுமை, ஒரு புகைப்படம் வெளியே வந்ததால்தான் நாடறிந்தது. அந்தப் படம் காட்டியது ஒரு ஊராட்சி அலுவலகத்தின் நடத்தையை. அதிகாரம் நடக்கும் இடத்தில் கேமரா வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவைப் படியுங்கள். வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்கவும் அதே பிரிவு வழி செய்கிறது. போராடிப் பெற்ற சட்டத்துக்கு இருக்கிற இந்தப் புத்தி நம் அட்மின்களுக்கு வேண்டாமா?

எங்கள் கோரிக்கை இதுதான். வரவு செலவு, எடுத்த முடிவு, எடுத்தவர் யார், புகாருக்கு என்ன நடவடிக்கை என்பதைத் தேதியோடு வெளியிடுங்கள். உதவி கேட்டவரின் வார்த்தையை அவர் சம்மதமில்லாமல் தொடாதீர்கள். குழுவில் சேர்ந்ததே சம்மதம் என்று வாதிடாதீர்கள். "இது நமக்குள்" என்று நம்பிப் பேசிய பழைய பேச்சை இன்று போட்ட தீர்மானத்தால் திறக்காதீர்கள்.

மாணவத் தோழர்களே, உங்கள் குழுவில் இந்த வாக்கெடுப்பு வந்தால் கை தூக்குவதற்கு முன், பேசாமல் இருப்பவர் யார் என்று பாருங்கள். அவரிடம் தனியாகக் கேளுங்கள். அதன் பிறகு வாக்களிக்கலாம்.