இருளில் அமர்ந்திருப்போர்

பரிசோதனை நாடகம் மக்களை வெறுப்போரின் பொழுதுபோக்கு என்றும், அதிலிருந்து திரைப்படத்துக்குச் செல்பவன் அரங்கைக் கைவிட்டவன் என்றும் தீர்ப்பளிப்போர் உளர். யப்பானியக் கலைஞர் சுயி தெரயாமாவின் வாழ்வு இவ்விரு கூற்றுகளையும் பொய்ப்பிக்கின்றது.

1967இல் அவர் தோக்கியோவில் நிறுவிய நாடகக் குழுவின் பெயர் ‘தென்ஜோ சாஜிக்கி’. அரங்கின் உச்சியிலுள்ள மலிவான இருக்கைகளையே அது குறிக்கும். மக்களை வெறுப்பவன் சூடும் பெயரா இது? 1975இல் ‘நொக்’ என்ற நாடகத்தை 30 மணி நேரம் நகரத் தெருக்களிலேயே நிகழ்த்தினார்.

திரைப்படத்திலும் அவர் நோக்கம் இதுவே. 1971இல் வெளியான ‘புத்தகங்களை வீசிவிட்டுத் தெருவுக்கு வாருங்கள்’ என்ற படத்தின் தொடக்கத்தில், இருளில் வாளாவிருக்கும் பார்வையாளரை இளைஞனொருவன் நேர்நின்று கடிந்துகொள்கிறான். 1974ஆம் ஆண்டுப் படமொன்றின் இறுதியில் கிராமத்து வீட்டின் சுவர்கள் சரிய, தோக்கியோவின் சனநெரிசல் வெளிப்படுகின்றது. அரங்கின் சுவரை உடைத்தவரே திரையின் சுவரையும் உடைத்தார்.

அவர் படைப்புகள் எளிதிற் புரிவன அல்ல என்பது மெய்யே. ஆயின், அருமையும் வெறுப்பும் ஒன்றாகா. பார்வையாளனைச் சிந்திக்கத் தகுதியற்றவனெனக் கருதி, பழகியதையே அவனுக்கு மீண்டும் மீண்டும் ஊட்டுவதன்றோ வெறுப்பு? 1983இல் தமது 47ஆம் வயதில் மறையும்வரை தெரயாமா அவ்விழிவைச் செய்தாரல்லர்.