கப்பல்துறை வெயிலும் கசகசா நுண்கீரையும்

பேசில் நுண்கீரை, அதாவது விதைத்துச் சில வாரத்திலேயே வெட்டித் தின்னும் பேசில் இளநாற்று, குளிர்நாட்டுச் சமாச்சாரம், திருகோணமலை வெயிலுக்குத் தாங்காது, வளர்ப்பதென்றால் குளிரூட்டிய அறையும் மின்விளக்கு அடுக்கும் வேண்டும் என்று ஒரு பேச்சு வீட்டுத்தோட்டக்காரரிடையே ஊறிப்போயிருக்கிறது. கப்பல்துறையில் கிணற்றடியில் பொன்னாங்காணியும் வல்லாரையும் செழிக்க வைப்பவர்கள்கூட இதை நம்பி, தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மனவருத்தம்.

வெயிலை முதலில் பார்ப்போம். பேசில் வெப்பமண்டலச் செடி. அதற்கு ஆகாதது குளிர்தான். 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இலை கறுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கொத்து கறுப்பதும் இதனால்தான். விதை நன்றாக முளைக்க 20 முதல் 30 பாகை வரை வெப்பம் வேண்டும். திருகோணமலையின் ஆண்டுச் சராசரியே ஏறக்குறைய 28 பாகை. ஐரோப்பாவில் விதைத்த தட்டுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பைப் போட்டு உண்டாக்கும் சூடு நமக்குச் சும்மா கிடைக்கிறது. இங்கே கெடுப்பது ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்று. அது தட்டின் மேற்பரப்பைக் காலைக்கும் மதியத்துக்கும் இடையில் காய வைத்துவிடும். கிழக்குப் பார்த்த விறாந்தையில், காலை வெயில் மட்டும் படும்படி வைத்தால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

உண்மையான பகை கார்த்திகை, மார்கழி மழைக்காலத்து ஈரம். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, விடிந்து பார்த்தால் தண்டின் அடி நூலாக மெலிந்து, திட்டுத்திட்டாகச் சாய்ந்து கிடக்கும். இது பூஞ்சண நோய். ஆனால் வெயிலில் கருகிவிட்டது என்றுதான் பலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்! விதையை நெருக்கிப் போடாமல், காற்றோட்டமான இடத்தில் வைத்து, தட்டைத் தண்ணீரில் சற்று நேரம் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்சவிட்டால் நோய் பெரும்பாலும் அண்டாது.

விதை கிடைக்காது என்பது அடுத்த பேச்சு. பலூடாவிலும் நோன்புக்காலச் சர்பத்திலும் மிதக்கும் கசகசா எந்தச் செடியின் விதை? பேசிலின் விதைதான். இந்தியக் கடைகளில் சப்ஜா என்று விற்பதும் இதுவே. பலசரக்குக் கடையில் ஒரு சிறு பொதி வாங்கினால் பல தட்டுக்குக் காணும். சில பொதிகளில் விதை பழசாக இருக்கும்; ஈரத்தாளில் இருபது விதையைப் போட்டு முளைப்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சணக்கொல்லி பூசிச் சாயமேற்றிய தோட்ட விதையை மட்டும் இதற்குத் தொடவே கூடாது. சில வாரத்தில் தண்டோடு தின்னப்போகிற கீரை இது.

கைவிட்டவர்கள் பலரும் இடறுவது விதைக்கும்போதுதான். பயறுபோல இரவு முழுக்க ஊறவைத்து விடுகிறார்கள். கசகசா தண்ணீர் பட்ட சில நிமிடத்தில் ஒவ்வொரு கருமணியைச் சுற்றியும் சாம்பல் நிறக் கூழ் கட்டும்; ஊறவைத்தால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், பிரித்துத் தூவ முடியாது. உலர்ந்த விதையையே, நனைத்த தும்புத்தூளின் மேல் உப்புத் தூவுவதுபோலத் தூவ வேண்டும். மண்ணால் மூடத் தேவையில்லை, அந்தக் கூழே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு வாரத்துக்குள் அரைவட்ட இலைகள் இரண்டிரண்டாக விரியும். சிலவற்றின் தலையில் விதைத்தோல் தொப்பிபோல ஒட்டியிருக்கும். பிய்க்க வேண்டாம், லேசாகத் தண்ணீர் தெளித்தால் தானாகக் கழன்று விழும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கை 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. அதே ஆண்டு ஜூனில், அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாட்டில் மின்விளக்கு அடுக்கு இல்லாமல் இது முடியாது என்று சொல்வது நியாயமில்லை. சூடான ஆணியால் அடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் பெட்டி போதும்.

முளைகட்டிய விதை ஆபத்து என்று பயப்படுபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய ஈ.கோலை கிருமி 50க்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆனால் அங்கே உண்டது ஈரச்சூட்டில் வளர்ந்து விதையும் வேரும் சேர்ந்த முளை. நுண்கீரை வெளிச்சத்தில் வளர்வது, தும்புத்தூளுக்கு மேலே கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது. ஆபத்து குறைவு, அதற்காகச் சுத்தமான தண்ணீரையும் கழுவுவதையும் விட்டுவிடக் கூடாது.

விற்பவர்கள் சொல்லும் "40 மடங்கு சத்து" என்பதையும் நான் ஏற்கவில்லை. 2012இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் 25 வகை நுண்கீரைகளை ஆராய்ந்த முடிவிலிருந்து வந்த எண் அது. அந்த ஆய்வில் விற்றமின் சி சிவப்புக் கோவாவிலும், கரோட்டினொயிட்டுகள் கொத்தமல்லியிலும், விற்றமின் கே செங்கீரை வகையொன்றிலும், விற்றமின் ஈ முள்ளங்கி வகையொன்றிலும் மேலோங்கி நின்றன. பேசில் எதிலும் முதலிடம் பிடிக்கவில்லை. சத்துத்தான் நோக்கமென்றால் அதே பெட்டியில் கொத்தமல்லியையும் கீரை விதையையும் தூவுங்கள். பேசிலை வளர்ப்பது மணத்துக்காக.

அந்த மணம் கொதியில் போய்விடும். சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, பாரை மீன் பொரியலைத் தட்டில் வைத்த பிறகு, ஒரு பிடி கிள்ளிப் போட வேண்டும். மாடத்துத் துளசியை வெட்டுவதா என்று தயங்குபவர்களுக்கு: இது அதே குடும்பத்தில் வேறு இனம். வெட்டிய தட்டு பொதுவாக மறுபடி துளிர்க்காது. விதைத்து இரண்டு, மூன்று வாரத்தில் வெட்டுப் பருவம் வரும் என்பதால், வாரம் ஒரு பெட்டி விதைத்து வந்தால் கீரை இடைவிடாமல் கிடைக்கும். வெட்டி முடிந்த வேர்க்கட்டியைக் கத்தரிப் பாத்தியில் கொத்திப் போடலாம்.