யானையும் அங்குசமும்

யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடலாமா என்று நம் முன்னோர் கேட்டனர். இக்காலத்திலோ, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவோரைக் காண்கிறோம். ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் விளக்கு, கதவு திறந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சென்சார், சொன்ன நேரத்தில் நின்றுவிடும் தண்ணீர் மோட்டார் என ஒவ்வொன்றாக வாங்கி வீட்டை நிரப்புகிறோம். ஆனால் அவை அனைத்தையும் ஆளும் சிறு பொறியை வாங்கும்போது மட்டும், “இருப்பதில் மலிவானது எது?” என்று கேட்கிறோம். அப்பொறியைப் பற்றி இத்திங்கள் சில சொற்கள் கூற விழைகிறோம்.

அதன் பெயர் கோஆர்டினேட்டர். கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகக்கூடிய, விரலளவே உள்ள ஒரு டாங்கிள். மேற்சொன்ன கருவிகளுள் பல, ஜிக்பி என்னும் கம்பியில்லா முறையில் தமக்குள் பேசிக்கொள்கின்றன. தேனீக்கள் வளைந்து நெளிந்து ஆடித் தம் கூட்டத்திற்குச் செய்தி சொல்வதை நினைத்து இட்ட பெயர் அது. ஹோம் அசிஸ்டென்ட் போன்ற இலவச மென்பொருளை ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஏற்றி, இந்த டாங்கிளையும் செருகிவிட்டால், இணையம் அறுந்த நாளிலும் வீடு தன் போக்கில் இயங்கும். தேன்கூட்டுக்கு ராணி எப்படியோ அப்படித்தான் இவ்வமைப்புக்குக் கோஆர்டினேட்டர்.

சில மாதங்களுக்கு முன் நாமறிந்த இளைஞர் ஒருவர் வாடிய முகத்துடன் நம்மிடம் வந்தார். அவர் இரவுப் பணிக்குச் செல்பவர். எழுபதைக் கடந்த தாயார் வீட்டில் தனியே உறங்குவார். அவர் நள்ளிரவில் எழுந்தால் கட்டிலிலிருந்து குளியலறை வரை விளக்குகள் தாமே எரியுமாறு மகன் அமைத்திருந்தார். சில வாரங்கள் எல்லாம் செவ்வனே நடந்தது. பிறகு விளக்கு ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது என்றாயிற்று. ஓரிரவு இருட்டிலேயே நடந்த தாயார் வாசற்படியில் இடறி விழுந்தார். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று.

“மலிவான டாங்கிள்தான் காரணம் என்று எண்ணி, அதைவிட மும்மடங்கு விலையுள்ள ஒன்றை வாங்கி மாட்டினேன், சாமி. எல்லாக் கருவிகளையும் மறுபடி இணைக்க ஒரு ஞாயிறு முழுதும் ஏணியில் நின்றேன். அதற்குப் பிறகும் அதே கதைதான். ‘தலையணைக்குக் கீழே டார்ச் லைட்டை வைத்துவிட்டுப் போப்பா, எனக்கு அது போதும்’ என்கிறார் அம்மா” என்றார்.

நாம் இத்துறையில் வல்லுநர் அல்லோம். ஆயினும் நம் இல்லத்தில் இத்தகைய அமைப்பொன்றைச் சில ஆண்டுகளாக வைத்துப் பழகியவர்கள் என்பதால், அவர் வீட்டிற்குச் சென்று பார்த்தோம். டாங்கிள் கணினியின் பின்புறம் நேரடியாகச் செருகப்பட்டிருந்தது. அடுத்த துளையில் ஒரு ஹார்டு டிஸ்க். அதனருகே வைஃபை பெட்டி. ஒன்றரை மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கி, டாங்கிளை அங்கிருந்து விலக்கி, அலமாரியின் மேல் வைக்கச் சொன்னோம். அன்றிரவே விளக்குகள் சொற்படி நடந்தன.

இதில் மாயம் ஏதுமில்லை. ஜிக்பி பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வேகமான யூ.எஸ்.பி. 3.0 துளைகளும், அவற்றில் செருகிய ஹார்டு டிஸ்க்குகளும் வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் குறிப்பில் இதை விளக்கியுள்ளது. மாவரைக்கும் எந்திரத்தின் அருகே அமர்ந்தவனுக்கு, கொல்லைப்புறத்திலிருந்து அழைக்கும் குரல் கேட்குமா? காது எவ்வளவு கூர்மையானதானாலும் இடம் சரியில்லையேல் பயனில்லை. ஆகவே எந்த டாங்கிளை வாங்கினாலும், நீட்டிப்புக் கம்பியின் விலையையும் அதனுடன் சேர்த்தே கணக்கிடுங்கள். செலவு சிறிது, பலன் பெரிது.

அப்படியானால் விலை குறைந்ததே போதுமா என்று வாசக அன்பர்கள் வினவலாம். அது எத்தனை கருவிகளை ஆளப்போகிறது என்பதைப் பொறுத்தது. டாங்கிளின் உள்ளிருக்கும் சில்லின் பெயரை முதலில் கேளுங்கள். மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சிசி 2531 என்னும் பழைய சில்லு கொண்டது. அதன் வேலை நினைவகம் 8 கிலோபைட் மட்டுமே. ஐந்தாறு கருவிகளோடு பழகிப் பார்க்க அது போதும். பதினைந்து, இருபது என்று பெருகினால் திணறும். மேலும், அதற்குரிய மென்பொருளைச் சில்லில் ஏற்றத் தனியொரு கருவி தேவைப்படுவதுண்டு. அதையும் வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

அடுத்த படியில் சிசி 2652பி, இ.எஃப்.ஆர்.32 எம்.ஜி.21 ஆகிய சில்லுகள் கொண்டவை உள்ளன. முன்னதன் நினைவகம் 80 கிலோபைட். பழையதைப் போல் பத்து மடங்கு. சோனாஃப் நிறுவனத்தின் ‘பி’ என முடியும் டாங்கிளில் முதல் சில்லும், ‘இ’ என முடிவதில் இரண்டாவதும் இருக்கின்றன. பெயரில் ஓரெழுத்தே வேறுபாடு என்பதால் பார்த்து வாங்க வேண்டும். நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வீட்டிற்கு இவற்றில் எதுவும் பல்லாண்டு போதும். நீங்கள் பயன்படுத்தப்போகும் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அந்த டாங்கிள் உள்ளதா என்பதை மட்டும் காசு கொடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘அதிக சக்தி, நீண்ட ஆண்டெனா’ என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். ஒலிபெருக்கியில் பேசுபவரின் குரல் கடைசி வரிசை வரை கேட்கும். ஆனால் கடைசி வரிசைப் பாட்டியின் மெல்லிய பதில் மேடைக்குக் கேட்காது. பட்டன் பேட்டரியில் இயங்கும் சென்சாரின் குரலும் அத்தகையதே. அதற்கு வேண்டியது இடையில் நின்று செய்தியைக் கடத்தும் துணைவர்கள். மின்இணைப்பில் எப்போதும் இருக்கும் ஜிக்பி பிளக்குகளும் பல்புகளும் அப்பணியைச் செய்கின்றன. பேட்டரிக் கருவிகள் செய்வதில்லை. கோஆர்டினேட்டருக்கும் தொலைவிலுள்ள அறைக்கும் நடுவே இப்படிப்பட்ட பிளக் ஒன்றை வைத்தால், விலையுயர்ந்த ஆண்டெனாவைவிட அதுவே உதவும்.

இங்கே நம் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறையை விட்டு வெளியேறும்போது சுவிட்சை அணைப்பது நம் பெற்றோர் கற்பித்த நல்ல பழக்கம். ஆனால் செய்தி கடத்தும் பல்பைச் சுவரில் அணைத்துவிட்டால், அதை நம்பியிருக்கும் அடுத்த அறைச் சென்சார் தனித்து விடப்படும். வீட்டுப் பெரியவர்கள் மீது சினந்து பயனில்லை. கடத்தும் பணியைப் பல்புக்குத் தராமல், யாரும் தொடாத மூலையிலுள்ள பிளக்குக்குத் தருவதே விவேகம்.

இன்னும் மூன்று செய்திகள். முதலாவது, ஜிக்பிக்கு 11 முதல் 26 வரை பதினாறு சேனல்கள் உண்டு. வைஃபை பொதுவாக 1, 6, 11 ஆகிய தன் சேனல்களில் அமர்வதால், அவற்றின் இடைவெளியில் விழும் 15, 20, 25 ஆகியவற்றுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்வது நன்று. பின்னர் மாற்றினால் சில கருவிகளை மறுபடி இணைக்க நேரிடும். இரண்டாவது, வீட்டு வலையமைப்பின் இரகசியச் சாவி கோஆர்டினேட்டரில்தான் இருக்கிறது. அதன் காப்புப் பிரதியை எடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவது, இணையம் இன்றி இயங்கும் இவ்வமைப்பு மின்சாரம் இன்றி இயங்காது. சிறு கணினியும் அந்த விளக்குகளும் இன்வெர்ட்டரின் பாதுகாப்பில் இருக்கட்டும்.

முடிவாக ஒன்று. கருவி எதுவானாலும், சுவரிலுள்ள சாதாரண சுவிட்சின் வழியை அடைத்துவிடாதீர்கள். முதியவரோ, குழந்தையோ, விருந்தினரோ, கைப்பேசியின் துணையின்றி விளக்கேற்ற வீட்டில் ஒரு வழி இருக்க வேண்டும். வீட்டிலுள்ளோர் அச்சமின்றி உறங்கவே வசதிகள். நம் கெட்டிக்காரத்தனத்தைப் பறைசாற்ற அல்ல. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதா, செலவிடுவதா என்பதை அந்த இரவு நேர நடையை மனக்கண்ணில் வைத்து முடிவு செய்யுங்கள்.

சென்ற வாரம் அவ்விளைஞரின் இல்லத்திற்கு மீண்டும் சென்றிருந்தோம். விளக்குகள் ஓரிரவும் தவறவில்லை என்று தாயாரே மகிழ்வுடன் கூறினார். ஆனால் தலையணைக்குக் கீழே டார்ச் லைட் அப்படியே இருந்தது. மகன் நம்மைப் பார்த்தார். “அது இருக்கட்டும்” என்றோம்.