கரடிக்கு எந்தத் துப்பாக்கி நல்லது?

போன மாசம் கோத்தகிரியில இருக்கற எங்க மாமாகிட்ட இருந்து போன். "மாப்ள, நீதான் எந்நேரமும் நெட்லயே கெடக்கறியே... கரடிக்கு எந்தத் துப்பாக்கி சரிப்படும்னு பாத்துச் சொல்லு. சின்னதா, இடுப்புல சொருவிக்கற மாதிரி."

பி.காம். படிக்கற பையன்கிட்ட கேக்கற கேள்வியா இது? ஆனா மாமா விளையாட்டுக்குக் கேக்கல. காரமடையில இருந்து மலையேறி, ரெண்டு ஏக்கர் தேயிலை வாங்கி, இருபது வருஷமா அங்கேயே இருக்கார். அத்தை விடியறதுக்கு முன்னாடியே பஸ் பிடிக்க நடந்து போகணும். அந்த ஒத்தையடிப் பாதையில ஒரே வாரத்துல ரெண்டு தடவை கரடி நின்னுருக்கு. அதுக்கு முந்தின வாரம்தான் பக்கத்து வீட்டு சமையல்கட்டுக் கதவை உடைச்சு எண்ணெய் டின்னைக் காலி பண்ணிட்டுப் போச்சாம்.

சரின்னு தேட ஆரம்பிச்சேன். அமெரிக்காக்காரங்க இந்த விஷயத்துல பெரிய பண்டிதர்கள். கருங்கரடி வேட்டைக்கு எந்த ரிவால்வர், சாதா சைட்டா ரெட் டாட் சைட்டா, தோட்டா நுனி தட்டையா இருக்கணுமா கூரா இருக்கணுமான்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. பெரும்பாலும் வந்து நிக்கற இடம் .44 மேக்னம். 1955ல வந்த ரகம். கூடவே, கடினமான ஈயத்துல வார்த்த, தட்டை நுனியுள்ள கனமான குண்டு. கொழுப்பையும் எலும்பையும் தாண்டி உள்ள போகணுமே, அதுக்கு.

படிக்கப் படிக்க எனக்கே ஆசை வந்துடுச்சு, பொய் சொல்லல :-) ஆனா நம்ம ஊருக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டா மூணு இடத்துல இடிக்குது.

முதல் இடி, துப்பாக்கி. நம்ம நாட்டுல சாதாரண ஆளுக்கு லைசென்ஸ்ல கிடைக்கற ரிவால்வர்னா பெரும்பாலும் .32தான். கான்பூர் தொழிற்சாலை 2014ல 'நிர்பீக்'னு ஒண்ணு கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, அன்னிக்கு விலையே 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல. .44 மேக்னம் குண்டு சுமார் 15 கிராம், வினாடிக்கு 400 மீட்டர் வேகம். .32 குண்டு 6 கிராம் சொச்சம், வேகம் அதுல பாதி. பிளஸ் ஒன் பிசிக்ஸ் சூத்திரத்துல போட்டா அடியோட பலம் சுமார் பத்துல ஒரு பங்கு! கரடியை நிறுத்தறதுக்குப் பதிலா அதுக்குக் கோவம் மூட்டத்தான் இது உதவும். வருஷத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம்ங்கறதும் லைசென்ஸ்லயே எழுதியிருக்கும். சுட்டுப் பழகாம இருட்டுல ஓடி வர்ற மிருகத்தைக் குறி பார்க்கறதெல்லாம் சினிமாவுல மட்டும்தான் நடக்கும்.

ரெண்டாவது இடி, கரடி. அமெரிக்கக் கருங்கரடி பெரும்பாலும் மனுஷனைப் பாத்தா ஓடிப்போற ரகம். எண்ணிக்கையும் பல லட்சம். அதனாலதான் அங்க சீசன் வெச்சு, பர்மிட் குடுத்து வேட்டைக்கு விடறாங்க. நம்மது தேன்கரடி. உலகம் முழுக்கச் சேர்த்து 20,000க்கும் குறைவுங்கறது மதிப்பீடு. புலியோட ஒரே காட்டுல வாழ்ந்து பழகின பிராணி. ஓடறதைவிட எதிர்த்து நிக்கறதுதான் அதோட பழக்கம். கரையான் புத்தைத் தோண்டற மும்முரத்துல நாம பக்கத்துல வந்ததே அதுக்குத் தெரியாது. திடீர்னு பாத்ததும் பாஞ்சு முகத்தையும் தலையையும்தான் பிறாண்டும். எல்லாம் சில அடி தூரத்துல, சில வினாடியில முடிஞ்சிடும். இதுல சைட் எங்க, குறி எங்க?

இங்க கென்னத் ஆண்டர்சனை ஞாபகப்படுத்தணும். சத்தியமங்கலம், தர்மபுரி, சேலம் காடுகள்ல அலைஞ்ச பெங்களூர்க்காரர். மைசூர்ப் பகுதியில அரசிகெரே பக்கம் குறைஞ்சது 12 பேரைக் கொன்ன கரடியைச் சுட்ட கதையை 1957ல வந்த புத்தகத்துல எழுதியிருக்கார். அவ்வளவு அனுபவமுள்ள அவரே நம்பிக் கையில வெச்சிருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். ரிவால்வர் இல்ல.

'அமெரிக்காவுல நல்ல ரிவால்வர் இருக்கே, அங்க வேலை செய்யுதுல்ல'ன்னு கேப்பீங்க. அலாஸ்காவுல 269 சம்பவங்களை ஆராய்ஞ்சு 2012ல ஒரு ஆய்வு வந்தது. கைத்துப்பாக்கி 84 சதவீதம், ரைபிள் மாதிரி நீளத் துப்பாக்கி 76 சதவீதம் கரடியை நிறுத்தியிருக்கு. நல்ல மார்க்தான். ஆனா துப்பாக்கியைப் பயன்படுத்தினவங்களுக்கும் பயன்படுத்தாதவங்களுக்கும் காயம் பட்டதுல பெரிய வித்தியாசம் இல்லைங்கறதும் அதே ஆய்வுலதான் இருக்கு. அதே குழுவோட 2008 ஆய்வுல மிளகாய்க் காரம் அடங்கின ஸ்ப்ரே 90 சதவீதத்துக்கு மேல வேலை செஞ்சிருக்கு. காரணம் எளிசு. புகைமாதிரி பரவற காரத்துக்குக் குறி பார்க்க வேண்டியதில்ல.

மூணாவது இடி, சட்டம். தேன்கரடி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. மனுஷ உயிருக்கு ஆபத்துன்னு தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலமா உத்தரவு போட்டாத்தான் கொல்லலாம். அதுவும் பிடிச்சோ மயக்க ஊசி போட்டோ வேற இடத்துக்கு மாத்த முடியாதுன்னு ஆனப்புறம்தான். உயிரைக் காப்பாத்திக்க நல்லெண்ணத்தோட கொன்னா குத்தமில்லன்னு பிரிவு 11 சொல்லுது, உண்மைதான். ஆனா துப்பாக்கியோட கரடியைத் தேடிப் போனவனுக்கு அந்தக் குடை கிடையாது. 3 முதல் 7 வருஷம் வரைக்கும் ஜெயில். 1959 ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்குன்னு பேர் சொல்றதுகூட வாய் வழியா மருந்து அடைச்சுச் சுடற பழைய ரகத் துப்பாக்கியைத்தான்.

இதையெல்லாம் மாமாகிட்ட ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார். "அப்ப உங்கத்தை நாளைக்கு எப்படிப் போவா மாப்ள?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு.

கோயமுத்தூர்ல உக்காந்துட்டு ரெண்டு விதமா கருத்து சொல்லலாம். 'ஆளுக்கொரு துப்பாக்கி குடு'ங்கறது ஒண்ணு. 'பாவம், அது இடத்துல நாமதான் வீடு கட்டிட்டோம்'ங்கறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் நமக்குப் பைசா செலவில்ல. செலவு முழுக்க அந்த ஒத்தையடிப் பாதையில நடக்கறவங்களுக்கு.

அப்புறம் மாமாவே ஒரு விஷயம் சொன்னார். பக்கத்துத் தோட்டம் மூணு வருஷமா கவாத்து பண்ணாம கிடக்குதாம். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கற விலை பறிக்கற கூலிக்கே கட்டலைன்னு உடமைக்காரர் கைவிட்டுட்டார். செடி ஆளுயரம் வளந்து, நடுவுல உண்ணிச்செடி மண்டி, கரடி பகல்ல படுத்துத் தூங்க ஏசி ரூம் மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி எந்திரிச்சா பத்தடியில குப்பைத் தொட்டி, அடுத்த பத்தடியில எண்ணெய் டின். அங்க கோயில்லகூட விளக்கெண்ணெய்க்காகத்தான் கரடி கதவை உடைக்குது.

அட, இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சேன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. கரடிப் பிரச்சினையோட ஒரு நுனி பச்சைத் தேயிலை விலையில இருக்கு! ஒரு ரிவால்வர் காசு 1 லட்சத்து 20 ஆயிரம்னு வெச்சுக்குங்க. ஆள் கூலி 600 ரூபாய்னா 200 ஆள் கூலி. அதுல பாதையோரம் முழுக்கப் புதரை வெட்டி, ரெண்டு சோலார் விளக்கும் போட்டுடலாம். ரிவால்வர் ஒருத்தர் இடுப்புல இருக்கும். விளக்கு அத்தைக்கும் எரியும், டியூஷன் போயிட்டு வர்ற பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் எரியும்.

ஆனா அடுத்தவன் தோட்டத்துப் புதரை மாமா ஏன் தன் காசுல வெட்டணும்? இந்தக் கேள்விக்கு அரசாங்கம்தான் பதில் சொல்லணும்னு நினைக்கறேன். கரடி கடிச்சப்புறம் நிவாரணம் குடுக்கறதுக்குப் பதிலா, கடிக்கறதுக்கு முன்னாடியே கைவிட்ட தோட்டத்தைச் சுத்தம் பண்ண, குப்பையை மூடி வைக்க, பாதைக்கு வெளிச்சம் போடச் செலவு பண்ணலாம். எப்படிப் பாத்தாலும் இதுதான் லாபம். ஒரு உயிருக்கு எந்த லெட்ஜர்லயும் விலை போட முடியாது.

இப்போதைக்கு மாமா சமையல்கட்டுக் கதவுக்குத் தகரம் அடிச்சுட்டார். எண்ணெய் டின் பரண்மேல ஏறிடுச்சு. அத்தைகூட இன்னும் மூணு பேர் சேர்ந்து, டார்ச் அடிச்சு, சத்தமா பேசிட்டே பஸ்ஸுக்குப் போறாங்க. சத்தம் கேட்டா கரடி தானா விலகிப் போக வாய்ப்பு அதிகம்.

"துப்பாக்கி கேட்டா ஊர்க்கதை பேசச் சொல்லிட்டியே மாப்ள"ன்னு மாமா சிரிச்சார். புதர் மட்டும் இன்னும் அப்படியேதான் நிக்குது.